கையுறையைக் கழற்றச் சொன்னவர்

என் கையைப் பார்த்து முதலில் பயந்தது நான் இல்லை, எங்கள் சூப்பர்வைசர். ஆம்பூரை ஒட்டிய ஒரு ஷூ கம்பெனியில் நான் செக்கர். அடிப்பாகம் ஒட்டுவதற்கு முன்னால், தைத்து வருகிற மேல்பாகத்தை விரலால் தடவிப் பார்த்து, எங்கே தையல் தப்பியிருக்கிறது, எங்கே உள்ளே மடிப்பு விழுந்திருக்கிறது என்று சொல்வதுதான் வேலை. கண்ணுக்குத் தப்பினது விரலுக்குத் தப்பாது. அந்த விரல்கள்தான் வெடித்து, தோலுரிந்து, நீர் கோத்துக்கொண்டு கிடந்தன.

"அக்கா, கோச்சுக்காதீங்க," என்றான் அவன். "அடுத்த மாசம் நம்ம ஷூவை வாங்குற பையர் ஆளுங்க வர்றாங்க. லைனிங்ல ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் மொத்த லாட்டும் ரிஜெக்ட் பண்ணிடுவாங்க. அதுக்குள்ள ஆறலைன்னா வேலைய விட்டுடுங்க. கணக்கு முடிச்சுக் குடுக்கச் சொல்றேன்."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. இருந்தும் கையில் வைத்திருந்த ஷூவை அவன் தலையில் போடாமல் விட்டேனே, அதுவே பெரிய விஷயம். கல்யாணமாகி வந்த புதிதில் ஹெல்பராகச் சேர்ந்து, சொல்யூஷன் தடவி, மெஷினில் உட்கார்ந்து, அப்புறம் செக்கர் ஆனவள் நான். காலையில் கம்பெனி வேனில் ஏறி, ஜன்னலோரத்துக்குச் சண்டை போட்டால்தான் எனக்குப் பொழுது விடியும். வீட்டில் உட்கார் என்றால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்று என்னைத் தெரிந்த எல்லாருக்கும் தெரியும்.

முதலில் விரலிடுக்கில் ஒரு நமைச்சல்தான். ஒட்டுகிற சொல்யூஷன் பட்டதால் என்று நினைத்தோம். என் வீட்டுக்காரர் வேறொரு கம்பெனியில் தோல் வெட்டுகிற கட்டிங்கில் இருக்கிறார். தோலைப் பார்த்த மாத்திரத்தில் எந்தப் பக்கம் இழுக்கும், எந்தப் பக்கம் இழுக்காது என்று சொல்வார். நான் சொறிந்துகொண்டே இருப்பதைப் பார்த்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பஜாரில் கட்பீஸ் விற்கிற கடையிலிருந்து மெல்லிய லைனிங் தோலாகப் பொறுக்கி வந்தார். என் கையைக் காகிதத்தில் வைத்து வரைந்துகொண்டு, வீட்டிலேயே வெட்டித் தைத்து, ஒரு ஜோடி கையுறை செய்தார். விரல் நுனி மட்டும் வெளியே தெரியும், மற்றதெல்லாம் மூடியிருக்கும்.

"இந்தா, போட்டுப் பாரு. சொல்யூஷனும் படாது, தூசும் படாது. குட்டி ஆட்டுத் தோலு. எவ்ளோ மெத்துனு இருக்குது பாத்தியா?"

இருந்தது. கல்யாணத்துக்கு எடுத்த பட்டுப்புடவைகூட எனக்கு அவ்வளவு பொருந்தியதில்லை. லைனில் எல்லாரும் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "இன்னாக்கா, மாமா நகை பண்ணிப் போட்டுட்டாரா?" என்று ஒருத்தி கேட்க, "உனக்கு வயித்தெரிச்சல்னா உன் ஆளைத் தெச்சுத் தரச் சொல்லுடி," என்றேன். கிழிந்தால் மறுபடி தைத்துக் கொடுப்பார். இப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் அதைப் போட்டுக்கொண்டுதான் வேலை செய்தேன்.

கை மட்டும் மோசமாகிக்கொண்டே போனது. விரலிடுக்கில் இருந்தது புறங்கைக்கு வந்தது, அங்கிருந்து மணிக்கட்டுக்கு ஏறியது. டாக்டர் கொடுத்த களிம்பைத் தடவினால் அடங்கும், விட்டால் திரும்ப வரும். அக்கம்பக்கத்தில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பாலாற்றுத் தண்ணி என்றார்கள், கருவாடு என்றார்கள், யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்றார்கள். கருவாட்டை விட்டேன், திருஷ்டி சுற்றிப் போட்டேன். தண்ணியை என்ன செய்வது? சோறு பிசைந்தால் மிளகாய்க் காரம் வெடிப்பில் இறங்கி உயிர் போய் உயிர் வரும். சூப்பர்வைசர் கெடு வைத்தபோது நான் இருந்த நிலைமை இதுதான்.

அந்த வாரம் தையல் லைனில் இருக்கிற தோஸ்த் ஒருத்தி சொன்னாள். "வேலூர்ல ஒரு மேடம் இருக்காங்கக்கா. பயோரெசனன்ஸாம். ஊசி கெடையாது, மாத்திரை கெடையாது. ரெண்டு குழாயைப் புடிச்சிக்கினு உக்காந்தா போதும். எங்க சின்ன மாமியாருக்கு ஒத்தத் தலைவலி போயே போச்சு."

"குழாயைப் புடிச்சா குணமாகுமா? அப்ப எங்க தெருவுல தண்ணி புடிக்கிறவங்க எல்லாம் நூறு வயசு இருக்கணுமே," என்றேன். சொல்லிவிட்டு அந்த ஞாயிற்றுக்கிழமையே பஸ் ஏறினேன். வேறு வழி?

ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருந்தது அந்த இடம். மேடத்துக்கு என் வயதுதான் இருக்கும். முன்னால் லேப் ஒன்றில் ரத்தம் எடுக்கிற வேலை பார்த்தவராம். மேசைமேல் திரை வைத்த ஒரு பெட்டி, அதிலிருந்து இரண்டு ஒயர், ஒயர் முனையில் இரண்டு பித்தளைக் குழாய். நாற்காலியில் ஒரு மெத்தைத் துணி, அதற்கும் ஒரு ஒயர். உடம்பில் ஒவ்வொன்றுக்கும் ஓர் அலை இருக்கிறது, கெட்ட அலையை இந்த மெஷின் வாங்கித் திருப்பி அனுப்பும் என்று பொறுமையாக விளக்கினார். எனக்கு ஒரு மண்ணும் புரியவில்லை.

"ஷாக் அடிக்குமா மேடம்?" என்று கேட்டேன்.

"அடிக்காதுமா. ஒண்ணுமே தெரியாது. ஆனா முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். டாக்டர் குடுத்த களிம்பை நிறுத்தக் கூடாது. இது அதோட கூடத்தான். நிறுத்திட்டு வந்தீங்கன்னா நான் பாக்க மாட்டேன்."

அந்த ஒரு பேச்சில் எனக்கு அவர்மேல் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. அடுத்த பேச்சில் போய்விட்டது. உடம்பில் உலோகமும் தோல் சாமானும் இருந்தால் அலை தடைபடுமாம். வாட்ச், வளையல், தோல் செருப்பு, கையுறை எல்லாவற்றையும் கழற்ற வேண்டும் என்றார்.

"தாலியக் கழட்டச் சொன்னீங்கன்னா இப்பவே எழுந்து போய்டுவேன்," என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். "அதை விட்டுடுங்க. மத்ததைக் கழட்டுங்க. தோல் சாமான் மட்டும் முந்தின நாள் சாயங்காலத்துல இருந்தே வேணாம். முடிச்சுட்டுப் போனதுக்கு அப்புறமும் ரெண்டு நாள் வேணாம். கையில வெறும் பருத்தித் துணி கிளவுஸ் போட்டுக்கங்க."

அப்புறம் மெஷின் எனக்கு எதெல்லாம் ஆகாது என்று சொல்லத் தொடங்கியது. கோதுமை என்றது, முட்டை என்றது, கத்திரிக்காய் என்றது. ஆம்பூரில் பிரியாணிக்குக் கத்திரிக்காய் இல்லை என்றால் அது என்ன பிரியாணி? இந்த மெஷினைச் செய்தவன் எங்கள் ஊர்ப்பக்கம் வந்தே இருக்க மாட்டான் என்றேன். மேடம் அதற்கும் சிரித்தார். குழாயை என் கையில் கொடுக்கும்போது மட்டும், எந்த வெடிப்பில் படாமல் எப்படிப் பிடித்தால் வலிக்காது என்று பார்த்துப் பார்த்து வைத்தார்.

ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். அந்த நேரம் முழுக்க அவரும் எதிரிலேயே உட்கார்ந்திருப்பார். எப்போது நமைக்கிறது, வேலை என்ன, அதை எப்படிச் செய்வேன், கை கழுவ என்ன சோப்பு, எல்லாம் கேட்பார். நான் பேச ஆரம்பித்தால் நிறுத்துகிற ஆள் இல்லை. சூப்பர்வைசர் சொன்ன கெடுவைச் சொல்லி அழுதேன். வீட்டில்கூட அழாதவள், குழாயை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு, கண்ணைத் துடைக்க முடியாமல் அழுதேன். அவர் எழுந்து வந்து தன் கர்ச்சீப்பால் துடைத்துவிட்டார்.

நம்புவீர்களோ மாட்டீர்களோ, மறுநாள் நமைச்சல் குறைந்தது. செவ்வாய்க்கிழமை வெடிப்பு மூடிக்கொள்ளத் தொடங்கியது. வீட்டுக்காரரிடம் கையை நீட்டி நீட்டிக் காட்டினேன். புதன்கிழமை மறுபடி கையுறையை மாட்டிக்கொண்டு வேலையில் இறங்கினேன். வெள்ளிக்கிழமைக்குள் பழைய கதைதான், ரத்தம் கசிந்தது. மெஷின் பவர் அவ்வளவு நாள்தான் தாங்குகிறது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். அடுத்த ஞாயிறும் போனேன், அதே மாதிரி ஆறியது, அதே மாதிரி திரும்ப வந்தது. கெடுவோ நெருங்கிக்கொண்டே இருந்தது.

அதற்கு அடுத்த ஞாயிறு நான் போனபோது மெஷின் ரிப்பேர். திரையில் ஒன்றும் வரவில்லை. மேடத்துக்கு ஒரே சங்கடம். "போன் பண்ணியிருக்கணும், மறந்தே போய்ட்டேன், மன்னிச்சுக்கங்கமா," என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவ்வளவு தூரம் வெயிலில் பஸ்ஸில் இடிபட்டு வந்தவளுக்குக் கோபம் வராதா? வந்தது. ஆனால் அவர் டீ போட்டுக் கொடுத்தார். கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டு, இந்த வாரம் கை என்ன பாடு படப்போகிறதோ என்று பயந்துகொண்டே ஊர் திரும்பினேன். கழற்றிய கையுறையை அவர் சொன்ன கணக்குப்படி செவ்வாய் வரைக்கும் மாட்டவில்லை. பழக்கம்தான், வேறொன்றும் இல்லை.

அடுத்த வாரம் போனபோது மெஷின் சரியாகியிருந்தது. நான் உட்கார்ந்ததும், "மேடம், வாரத்துக்கு ஒருக்கா பத்தல. புதன்கிழமையும் லீவு போட்டுட்டு வந்துடறேன். ரெண்டு தடவை வெச்சா வெள்ளிக்கிழமை வரைக்கும் தாங்கும்ல?" என்று கேட்டேன்.

அவர் குழாயை எடுக்கவில்லை. "போன வாரம் கை எப்படிமா இருந்துச்சு?" என்றார்.

"எப்பவும் போலதான். திங்கள், செவ்வாய் நல்லா இருந்துச்சு. புதன்ல இருந்து பேஜார்."

"போன வாரம் மெஷினே ஓடலையேமா. அப்புறம் எப்படி ஆறுச்சு?"

அவர் என் கைப்பக்கத்தில் இருந்த பையைப் பார்த்தார். "அந்தக் கிளவுஸைக் கொண்டாந்திருக்கீங்களா? எடுங்க," என்றார். எடுத்து மேசைமேல் வைத்தேன். அதை என் கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கையுறை எங்கே முடிகிறதோ, அங்கேதான் என் புண்ணும் முடிந்தது. மணிக்கட்டில் கோடு போட்டாற்போல இருந்தது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நுனிகளில் வெடிப்பு குறைவு, மூடின இடத்தில்தான் எல்லாம்.

"இது மெஷின் பண்ணலமா," என்றார் அவர். "இதைக் கழட்டி வெச்சதுதான் பண்ணியிருக்கு. இனிமே இதைப் போடாதீங்க. என்கிட்டயும் வராதீங்க. ஆஸ்பத்திரில தோல் டாக்டர்கிட்ட போங்க, ஒட்டுப் போட்டு டெஸ்ட் பண்ணுவாங்க. மறக்காம இந்தக் கிளவுஸையும் எடுத்துட்டுப் போய்க் காட்டுங்க."

நான்தான் வாரத்துக்கு இரண்டு தடவை வருகிறேன் என்கிறேனே! சரி, வாங்க என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் கும்பிட்டுக்கொண்டு போய் உட்கார்ந்திருப்பேன், ஊரெல்லாம் போய் அவர் புகழும் பாடியிருப்பேன். அவர் அன்றைக்குப் பணம்கூட வாங்கவில்லை. படியிறங்கி வரும்போது எனக்கு நன்றி தோன்றவில்லை, அதுதான் உண்மை. கைவிட்டுவிட்டார் என்று கோபம்தான் வந்தது. கையுறையாவது, புண் உண்டாக்குவதாவது!

ஏன் அப்படி நினைத்தேன் என்றால், எங்கள் பக்கத்தில் தோலை யாரும் சந்தேகப்பட மாட்டோம். வாணியம்பாடியிலிருந்து ராணிப்பேட்டை வரைக்கும் எத்தனையோ குடும்பம் அதில்தான் சாப்பிடுகிறது. டேனரித் தண்ணியைத் திட்டுவோம், நாற்றத்தைத் திட்டுவோம், முதலாளியைத் திட்டுவோம். பதப்படுத்தி, காய்ந்து, பளபளவென்று வருகிற தோலை ஒருநாளும் திட்டினதில்லை. கைக்குக் காப்பு வேண்டும் என்றால் வேறு ஊர்க்காரர்கள் துணியைத் தேடுவார்கள், ரப்பரைத் தேடுவார்கள். எங்களுக்குத் தோல்தான் முதலில் ஞாபகம் வரும்.

ஆனாலும் வேலூரிலேயே ஆஸ்பத்திரிக்குப் போனேன். முதுகில் சின்னச் சின்ன வட்டமாக மருந்து வைத்து, பட்டையாக ஒட்டி அனுப்பினார்கள். கையுறையிலிருந்து ஒரு துண்டை வெட்டி அதையும் ஒட்டினார்கள். குளிக்கக் கூடாது, குனியக் கூடாது, வியர்க்கக் கூடாது என்றார்கள். வேலூர் வெயிலில் வியர்க்காமல் இருப்பது எப்படி என்று சொல்லவில்லை.

பட்டையைப் பிரித்துப் பார்த்த பிறகும் இன்னொரு நாள் வரச் சொன்னார்கள். அன்றைக்கு வீட்டுக்காரரும் லீவு போட்டுவிட்டுக் கூட வந்தார். டாக்டர் சின்னப் பெண். என் முதுகைப் பார்த்துவிட்டு, "ரெண்டு இடத்துல நல்லா சிவந்திருக்குமா," என்றது. "ஒண்ணு குரோமியம். டேனரியில தோல் பதப்படுத்தப் போடுற உப்பு. இன்னொண்ணு உங்க கிளவுஸ் துண்டு. கையில வேர்வை ஊறும்போது தோல்ல இருந்து அந்த உப்பு கொஞ்சம் கொஞ்சமா இறங்கும். உங்க உடம்பு அதை ஏத்துக்கல. இது யாரு பண்ணிக் குடுத்தது?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர், "நான்தான்," என்றார்.

பஸ்ஸில் திரும்பினோம். பள்ளிகொண்டா தாண்டியதும், "உன் கையை நானே கெடுத்துட்டேன்டி," என்றார். எனக்குத் தாங்கவில்லை. "யோவ், சும்மா இரு. ஊர்ல எவன் பொண்டாட்டிக்குக் கை அளவெடுத்துத் தெச்சுக் குடுத்தான்? எனக்கு ஒத்துக்கலைன்னா அதுக்கு நீ இன்னா பண்ணுவ?" என்று பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினேன். கத்தினேனே தவிர எனக்கும் கண்ணீர் நிற்கவில்லை. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்கப்புறம் பல நாள் வீட்டில் சரியாகச் சாப்பிடவில்லை, தையல் ஊசியைக் கையால் தொடவில்லை.

டாக்டர் எழுதிக் கொடுத்ததை எடுத்துக்கொண்டு சூப்பர்வைசரிடம் போனேன். தோலே படக்கூடாது என்று இருக்கிறதே, தோல் கம்பெனியில் எனக்கு என்ன வேலை? கணக்கு முடிக்கச் சொல்லிவிடுவான் என்றுதான் நினைத்தேன். அவன் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். அப்புறம் அவனே மேனேஜரிடம் கூட்டிக்கொண்டு போனான். எங்கள் கம்பெனியில் அப்போதுதான் துணியிலும் ரெக்சினிலும் ஷூ செய்கிற புது லைன் போட்டிருந்தார்கள். பின்பக்க ஷெட், தோல் வாசமே கிடையாது. "அங்க நல்ல செக்கர் இல்ல சார். இந்த அக்கா விரலுக்கு ஒண்ணும் தப்பாது," என்று அவன் சொன்னதைக் கேட்டு, அன்றைக்கு அவன் தலையில் ஷூவைப் போடாமல் விட்டதற்கு மனசுக்குள் சந்தோஷப்பட்டேன்.

பையர் ஆட்கள் வந்தபோது நான் புது லைனில் நின்றுகொண்டிருந்தேன். அவர்களில் ஒருவர் என் பக்கத்தில் வந்து, நான் ஒதுக்கி வைத்த ஷூவை எடுத்துப் பார்த்து, தலையை ஆட்டிவிட்டுப் போனார். என் கையை அவர் பார்க்கவே இல்லை. பார்க்கிற மாதிரி அதில் ஒன்றும் இல்லை, தோல் மெல்லிசாக மூடிக்கொண்டு வந்திருந்தது.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை மேடத்தைப் பார்க்கப் போனேன். வீட்டுக்காரர் வரவில்லை என்றார். "வா, சும்மா நில்லு போதும்," என்று இழுத்துக்கொண்டு போனேன். மாடியில் யாரும் இல்லை. மெஷின்மேல் துணி போர்த்தியிருந்தது. மேடம் என் இரண்டு கையையும் பிடித்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வேன்!

"இப்ப யாரு வந்தாலும், முதல்ல டாக்டர்கிட்ட டெஸ்ட் பண்ணிட்டு வாங்கன்னு சொல்றேன்," என்றார். "பாதிப் பேரு திரும்பி வர்றதில்ல."

"அப்ப உங்க பொழப்பு மேடம்?"

"கொஞ்சம் கம்மிதான். வர்றவங்க வராங்க. உக்காந்து பேசினாலே தூக்கம் வருதுன்னு சொல்றவங்களும் இருக்காங்க."

அதுவரை கதவோரம் நின்றுகொண்டிருந்த என் வீட்டுக்காரர் ஓர் அடி முன்னால் வந்தார். "மேடம், அந்தக் கிளவுஸ் தெச்சது நான்தான்," என்றார். ஆஸ்பத்திரியில் சொன்ன அதே குரல், கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது.

மேடம் துணி போர்த்திய மெஷின் பக்கம் கையைக் காட்டினார்.

"நீங்க அதை ஏன் தெச்சீங்க? அவங்க கை ஆறணும்னுதானே? நானும் அதுக்குத்தான் இந்தக் குழாயைக் குடுத்தேன். உங்களதும் வேலை செய்யல, என்னதும் வேலை செய்யல. அதுக்கு நான் வருத்தப்படலையே. அவங்க கை ஆறிடுச்சு. நீங்க ஏன் அழறீங்க?"

என் வீட்டுக்காரர் சிரித்தார். எத்தனை நாளுக்கப்புறம்! சிரிப்பும் அழுகையுமாக, சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். மேடம் டீ போட உள்ளே போனார். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.